இந்தக் குருவி யார்கிட்ட வாங்கினது?

ஃபின்ச் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், விலை பேசும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். மொட்டை மாடியில் கூண்டு வைத்திருக்கும் நானும் இதைத்தான் முதலில் கேட்பேன். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப வாங்கினால், தெரியாமலே அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்த்துவிடுவோம். அப்புறம் முட்டை கூமுட்டையாகும்; பொரித்த குஞ்சும் தேறாது. "ஒரே ரத்தம், அதான் சார்" என்று பழைய ஆட்கள் காரணம் சொல்வார்கள். மரபியல் ஆய்வாளர்கள் ஆராய்வதும் இதைத்தான்.

நம் கூண்டுகளில் அதிகம் இருக்கும் ஜீப்ரா ஃபின்ச், ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை. 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் கூண்டுகளுக்குப் போய்விட்டது. 1960இல் ஆஸ்திரேலியா தன் பறவைகளின் ஏற்றுமதியை நிறுத்தியது. ஆக, இன்று உலகெங்கும் விற்பனையில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முன் வெளியே வந்த பறவைகளின் வாரிசுகள்தான். சோதனைக்கூடங்களில் வளர்பவையும் அந்த வழியில் வந்தவையே.

இத்தனை தலைமுறை கூண்டில் கழிந்த பிறகு மரபணு வளம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த வோல்ஃப்காங் ஃபோர்ஸ்ட்மையர் குழுவினர் 2007இல் பதில் சொன்னார்கள். 18 வளர்ப்புக் கூட்டங்கள், 2 காட்டுக் கூட்டங்கள், மொத்தம் 1,000 பறவைகள். டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை என்பது பறவைக்குப் பறவை மாறும். அப்படிப் பத்து இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். காட்டில் ஓர் இடத்துக்குச் சராசரியாக 19.3 வகைகள், ஒரு வளர்ப்புக் கூட்டத்தில் 11.7. இழப்பு உண்டு, ஆனால் அடியோடு வற்றவில்லை. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று கண்டத்துக்கொரு சாயலும் தெரிந்தது.

வளம் குறைய ஒரு காரணம் நம் நிற மோகம். அபூர்வ நிறத்தில் ஒரு சேவல் பிறந்தால், அந்த நிறத்தைப் பிடிக்க அதை அதன் மகளோடே சேர்ப்பார்கள். அப்படிச் சேர்ந்தாலும், உடன்பிறந்தவை சேர்ந்தாலும், குஞ்சின் எந்த மரபணுவை எடுத்தாலும் அதன் இரு பிரதிகளும் ஒரே மூதாதையின் நகலாக இருக்க 25 சதவீத வாய்ப்பு. ஒற்றைப் பிரதியாக ஒளிந்திருந்த குறை அப்போதுதான் வெளியே வரும்.

இப்படி உறவுக்குள் நடந்த சேர்க்கையைக் கண்டுபிடிக்க வளர்ப்பவர் பெரிதாக உதவலாம். பறவையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நமக்கு இல்லை. அதனால் டி.என்.ஏ. எடுக்க ஒரு துளி ரத்தமே போதும். அதை எடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. வேரோடு எடுத்த மார்பிறகு இரண்டு மூன்று இருந்தாலும் ஆகும். ஈரம் தங்காத காகித உறையில் வைக்க வேண்டும். முட்டைக்குள்ளேயே இறந்த கருவிலும் டி.என்.ஏ. கிடைக்கும்.

இவற்றுக்குச் சமமான மதிப்பு நோட்டுப் புத்தகத்துக்கும் உண்டு. "நீல வளையம் 14, பெட்டை. தகப்பன் சிவப்பு 3, தாய் பச்சை 9. ஐந்து முட்டை, மூன்று குஞ்சு." இப்படி ஒரு வரி இருந்தால்தான், டி.என்.ஏ. காட்டும் உறவு எந்தத் தலைமுறையில், எந்த ஜோடியால் வந்தது என்று சொல்ல முடியும்.

குருவி வளர்ப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: குஞ்சாக இருக்கும்போதே காலில் வளையம் போடுங்கள், தாய் தகப்பனை எழுதி வையுங்கள், அடுத்த ஜோடிக்கான சேவலை வெளியூர்க்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.