பதநீருக்கும் கள்ளுக்கும் நடுவே ஓர் உயிர்

நுண்ணுலகம் – 9

புதுச்சேரியின் சாரம் பகுதியிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். எல்லை தாண்டிக் கோட்டக்குப்பத்தில் பதநீர் விற்கலாம். கள் விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புதுச்சேரியிலோ கள்ளுக்கடைகளை அரசே ஏலம் விடுகிறது. பதநீரும் பனங்கள்ளும் ஒரே பாளையில் சுரக்கும் சாறுதான். அதைப் பதநீராக விட்டுவைப்பதா, கள்ளாக மாற்றுவதா என்பது ஈஸ்ட்டின் கையில் இருக்கிறது.

பாளையைச் சீவிக் கலயம் கட்டியதும் சொட்டும் சாற்றில் 10 சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை இருக்கும். பாளையிலும் பழைய கலயத்தின் உட்சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டுக்கு அது பெருவிருந்து. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் சாற்றில் காரத்தன்மை ஏறும். ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் பெருக முடியாது. அது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரை பொங்கும்.

அந்த நுரை, உயிர்கள் சாப்பிடுவதன் அடையாளம்.

ஈஸ்ட் ஒற்றைச் செல் பூஞ்சை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட செல்களை வரிசையாக வைத்துவிடலாம். ஆனாலும் நம் செல்களைப் போலவே அதற்கும் உட்கருவும் மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. சாற்றிலுள்ள சுக்ரோஸை அது முதலில் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. பிறகு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பிளந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் 2 ஏடிபி மூலக்கூறுகளைச் சம்பாதிக்கிறது. வளர்வதற்கும் மொட்டுவிட்டுப் பெருகுவதற்கும் செலவாவது இந்த ஏடிபிதான்.

குளுக்கோஸைப் பிளக்கும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை எங்காவது இறக்கிவைத்தால்தான் அடுத்த குளுக்கோஸைத் தொட முடியும். ஆக்சிஜன் கிடைத்தால் அதனிடம் ஒப்படைத்து, பல மடங்கு ஏடிபி பெறலாம். இல்லாதபோது, குளுக்கோஸிலிருந்தே உருவாகும் அசிட்டால்டிஹைடு அவற்றை ஏற்று ஆல்கஹாலாகிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. காற்றில்லாமலும் வாழும் இந்த முறையை, அதாவது நொதித்தலை, 19ஆம் நூற்றாண்டில் லூயி பாஸ்டர் விளக்கினார்.

சர்க்கரை மிகுந்திருந்தால், ஆக்சிஜன் இருக்கும்போதே ஈஸ்ட் நொதித்தலில் இறங்கிவிடும் என்பது இன்னும் வியப்பு. ஒவ்வொரு மூலக்கூறிலும் வருவாய் குறைவு, வேகம் அதிகம். போட்டிக்கு வரும் பல நுண்ணுயிரிகளை ஆல்கஹால் தடுக்கிறது. சர்க்கரை தீர்ந்தபின், ஆக்சிஜன் இருந்தால், தான் உண்டாக்கிய ஆல்கஹாலையே ஈஸ்ட் உணவாக்கிக்கொள்ளும்.

ஏடிபியைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பீமவரத்தில் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1929இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் அதைத் தசையில் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாகக் கண்டறிந்தார். பனையேறியின் தசையை இயக்கும் ஏடிபியும் கலயத்து ஈஸ்ட்டை வளர்க்கும் ஏடிபியும் ஒரே மூலக்கூறு.

அடுத்த வாரம்: இறக்கிய கள்ளை ஓரிரு நாளில் காடியாக்கும் பாக்டீரியாக்கள்.

(தொடரும்)