யாழ்ப்பாணத்து ஆயர்கள் – 7: குறைந்துகொண்டே போன நிலம்

யாழ்ப்பாண ஆயர்களின் பெயர்ப்பட்டியலை ஆண்டுகளோடு மட்டும் வாசிப்பவருக்கு ஒரு விடயம் தட்டுப்படாது. அந்த இருக்கையின் எல்லை சுருங்கித்தான் வந்திருக்கிறது, ஒருமுறையும் விரிந்ததில்லை. 1847இல் தனி விகாரியாட்சியாகப் பிரிந்தபோது தீவின் வடபாதி முழுவதும் அதன் பொறுப்பில் இருந்தது. கிழக்கே மட்டக்களப்பு, மேற்கே புத்தளம், நடுவே அநுராதபுரம் எல்லாம் அதற்குள் அடக்கம். நடப்பும் மாட்டுவண்டியுமாக இருந்த காலத்தில் ஒரு மனிதர் இதை எப்படிச் சுற்றி வந்திருப்பார்?

அந்த ஒரு மனிதர் பெற்றக்கீனி, இத்தாலியர். வெளியே கோவாக் குருக்களோடு பதுருவாதோ (போர்த்துக்கல் அரசின் திருச்சபை உரிமை) வழக்கு ஓயவில்லை, உள்ளே குருக்கள் போதவில்லை. மார்செய் ஆயர் மசனோதிடம் போய்க் கேட்டார். அவர் நிறுவிய அமலமரித் தியாகிகள் சபையின் முதல் அணி 1847 நவம்பரில் காலியில் வந்திறங்கியது. அணித்தலைவர் செமேரியாவே பின்னர் பெற்றக்கீனிக்கு இணை ஆயராகி, 1857இல் அவர் இறந்ததும் பொறுப்பேற்றார். அன்றிலிருந்து 1972 வரை, 115 ஆண்டுகள், அந்தக் கதிரையில் இருந்த அனைவரும் இந்தச் சபையினரே. உதவிக்கு அழைக்கப்பட்டவர்கள் வீட்டுக்காரர் ஆனார்கள் என்று குறும்பாகச் சொல்லலாம். ஆனால் அவர்கள் வராவிட்டால் வீடே நின்றிருக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

செமேரியா காலத்தில், 1862இல், திருக்குடும்பக் கன்னியர் வந்தனர். 1868இல் அவரை அடுத்துப் பொறுப்பேற்றவர் பொன்ஜீன். இந்த வரிசையிலேயே மிகப் பெரிய ஆளுமை அவர்தான் என்பது என் கணிப்பு. பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருவாகக் கோயம்புத்தூர்ப் பக்கம் பணியாற்றிவிட்டு, பிறகு தியாகிகள் சபையில் சேர்ந்தவர். அதனால் தமிழோடுதான் யாழ்ப்பாணம் வந்தார். அமெரிக்க மிஷனின் பள்ளிகளும் அச்சகமும் வேரூன்றிவிட்ட மண் அது. மதச்சார்புப் பாடசாலைகளுக்கும் அரசின் நன்கொடை கிடைக்க வேண்டுமென்று எழுதியும் வாதாடியும் சளைக்கவில்லை. 1876இல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ தொடங்கியதும், மடுவில் 1872இல் கோவிலுக்கு அடிக்கல் விழுந்ததும் இவர் காலத்தில்தான். ஆனால் 1883இல் கொழும்பு அவரை எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த மெலிசானையும் பத்தே ஆண்டில் எடுத்துக்கொண்டது. இருவரும் அங்கே பேராயர்கள் ஆனார்கள். யாழ்ப்பாணம் நல்ல ஆயர்களைப் பயிற்றி அனுப்பும் இடமாகிப்போனது.

1886இல் விகாரியாட்சி மறைமாவட்டமானது. 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாக, கிழக்கு போயிற்று. வடமேற்கும் கொழும்பின் பக்கம் சேர்ந்தது. எஞ்சியதை யூலன் 26 ஆண்டுகள் ஆண்டார். புறோ நான்கே ஆண்டுகள் இருந்தார். அவரை விரைந்து கடக்கலாம். கியோமர் 1924இல் வந்து 1950 வரை இருந்தார். 1928இல் தோமஸ் அடிகளார் தோலகட்டியில் செபமாலைத் தாசர் துறவற மடத்தைத் தொடங்கியது இவர் காலத்தில். நெல்லிரசத்தால் தோலகட்டியை அறிந்த பலருக்கு அது ஒரு மௌனத் துறவியரின் மடம் என்பது தெரியாது.

1950இல் எமிலியானுஸ்பிள்ளை வந்தார். யாழ்ப்பாணத்தின் முதல் தமிழ் ஆயர் அவர். ஆனால் அவரும் தியாகிகள் சபைத் துறவியே. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, பொன்ஜீன் காலத்திலிருந்து கட்டிய பள்ளிகளில் பெரும்பாலானவை கைவிட்டுப் போயின. புனித பத்திரிசியார் கல்லூரி கட்டணமற்ற தனியார் பாடசாலையாகத் தப்பிப் பிழைத்தது. நிலம் குறைவது திருத்தந்தையின் ஆணையால் நடந்த நிர்வாக ஒழுங்கு. பள்ளிகள் போனது வேறு. அந்த இழப்புத்தான் மக்கள் மனத்தில் ஆறாமல் நின்றது.

1972இல் தியோகுப்பிள்ளை ஆண்டகையோடு மறைமாவட்டக் குருக்களின் காலம் தொடங்கியது. அவர் காலத்தில் மேலும் இரண்டு வெட்டுகள் விழுந்தன. 1975இல் அநுராதபுரம் போயிற்று. 1981இல் மன்னார் தனி மறைமாவட்டமானது. மன்னாரோடு மடுவும் போயிற்று. பொன்ஜீன் அடிக்கல்லிட்டு, 1924இல் முடிசூட்டப்பட்ட அன்னையின் திருத்தலம் அது. யாழ்ப்பாணத்தவர் இன்றும் ஆடி மாதத் திருவிழாவுக்குத் தங்கள் கோவிலுக்குப் போவதுபோலவே மடுவுக்குப் போகிறார்கள். எல்லைக்கோடு பக்திக்கு ஒரு பொருட்டல்ல.

மன்னாருக்கு முதல் ஆயராகப் போனவர் தோமஸ் சவுந்தரநாயகம். பிரித்துக் கொடுக்கப்பட்ட துண்டை ஆண்டவர், 1992இல் தாய் மறைமாவட்டத்துக்கே ஆயராகத் திரும்பினார். திரும்பிய காலம் நல்ல காலமல்ல. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் கோவில் மீது குண்டு விழுந்தது. 1995 ஜூலையில் நவாலிக் கோவிலில் அடைக்கலம் புகுந்தவர்கள் விமானக் குண்டுவீச்சில் மாண்டனர். அந்த ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. ஆயர் என்றால் அனுமதி கேட்டு அரசுக்கும், நிவாரணம் கேட்டு உலகுக்கும் எழுதுபவர் என்றாகிவிட்ட காலம் அது.

2015இல் பொறுப்பேற்ற ஜஸ்ரின் பேணாட் ஞானப்பிரகாசத்தின் கையில் வந்தவை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள். அவற்றில் போர் முடிந்த வன்னிப் பங்குகளின் கதை தனி. மன்னாரில் ராயப்பு ஜோசப் ஆண்டகையின் காலத்தைப் பார்த்த பிறகே அதைச் சொல்ல முடியும்.

(தொடரும்)