தரையில் தவழும் ஆபத்து



நாமக்கல் பெயர் தாங்கிய எரிவாயு டாங்கர் லாரிகளைச் சேலம் நெடுஞ்சாலையில் காணாதோர் நம்மில் இரார். அவை சுமந்து செல்லும் பொருள்தான் நம் அடுக்களைச் சிலிண்டரிலும் அடைபட்டுள்ளது. அதன் இயல்பை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்?

2021 நவம்பர் 23 அன்று காலையில், சேலம் கருங்கல்பட்டியில் சமையல் எரிவாயு வெடித்து வீடுகள் இடிந்து விழுந்தன. உயிர்கள் பறிபோயின. ஒரு சிலிண்டருக்குள் இத்தனை ஆற்றலா என்று திகைக்கத் தோன்றும்.

புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவையே சமையல் எரிவாயு. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே, அடைத்த அறையில் மெல்லக் கசியும்போது அது புகையைப் போல் மேலெழாது, தண்ணீரைப் போல் தரையில் பரவும், வாசற்படி தாண்டி அடுத்த அறைக்கும் செல்லும், பள்ளத்தில் தேங்கும். உயரத்திலுள்ள சன்னல் மட்டும் திறந்திருந்தால் பயன் குறைவே.

கனமான வாயு எப்போதும் கீழேயே கிடக்கும் என்றும் எண்ணிவிடலாகாது. மின்விசிறி சுழன்றாலோ ஆள் நடமாடினாலோ அது காற்றோடு கலந்துவிடும். கலந்தபின், பாலில் கரைந்த சர்க்கரையைப் போல, மீண்டும் பிரிந்து அடியில் படியாது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். நீளம், அகலம், உயரம் பத்தடியுள்ள அறை முழுவதும் அந்நிலையை எட்ட ஏறத்தாழ 1.2 கிலோ எரிவாயு போதும். சிலிண்டரில் இருப்பதோ 14.2 கிலோ! தரையோடு மட்டும் படர்ந்திருந்தால் இன்னும் குறைந்த அளவே போதும்.

ரமலானில் சஹர் உணவுக்காக எழுகிறோம். இரவெல்லாம் அடைத்துக் கிடந்த அடுக்களையில் நுழைந்ததும் கை தானாக மின்விளக்கின் சுவிட்சைத் தேடுகிறது. அந்தச் சுவிட்சில் எழும் சிறு பொறியே பேராபத்தாகலாம். எனவே, முதலில் வாசலில் நின்று சற்றே குனிந்து மோந்து பாருங்கள். கசிவை உணர்த்தவே எரிவாயுவில் வாடையுள்ள மெர்கேப்டன் சேர்க்கப்படுகிறது.

வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீக்குச்சியைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடுங்கள். சன்னல்களோடு, தரையை ஒட்டிய வாசற்கதவுகளையும் அகலத் திறந்துவிடுங்கள். குழந்தைகளையும் முதியோரையும் வெளியே அழைத்துச் சென்று, அங்கிருந்து 1906 என்ற அவசர எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

சிலிண்டரைத் தரைமட்டத்திற்குக் கீழே பள்ளத்தில் வைக்காதீர்கள். இரவில் உறங்குமுன் ரெகுலேட்டரை மூடுவதை வழக்கமாக்குங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் இதனை இன்றே சொல்லி வையுங்கள்.