குட்டி யானை வாங்கப் போகிறீர்களா?

பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள்!

சாந்தோம் கடலோரத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீன் வர வேண்டும். ஐஸ் வர வேண்டும். பழுதான படகு எஞ்சின் மெக்கானிக்கிடம் போக வேண்டும். அருகே நொச்சிக்குப்பத்தில் 2024-ம் ஆண்டு புதிய மீன் அங்காடியும் திறக்கப்பட்டது.

தினமும் வண்டி வாடகை கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? "நாமே ஒரு பழைய வண்டி வாங்கினால் என்ன?" என்று மனைவி கேட்பாள். கணவனும் தலையாட்டுவான். கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும்.

அந்தச் சங்கிலி திரும்பி வருமா? அது வாங்குகிற வண்டியைப் பொறுத்தது!

பெயர்தான் யானை

2005-ம் ஆண்டு டாடா கம்பெனி 'ஏஸ்' என்ற சிறிய லாரியை வெளியிட்டது. 2 சிலிண்டர் டீசல் எஞ்சின். 16 குதிரை சக்தி. முக்கால் டன் சுமக்கும். சந்துக்குள்ளும் நுழையும். மக்கள் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டினார்கள். ஆனால் யானை பலத்தை எதிர்பார்க்கக்கூடாது. வழியில் நின்றுபோன ஆட்டோவைக் கயிறு கட்டி இழுக்கும். மணலில் கிடக்கும் படகை இழுப்பது டிராக்டர் வேலை!

உப்பு தின்ற இரும்பு

"ஒரே ஆள் ஓட்டிய வண்டி, அண்ணே!" என்பார் புரோக்கர். பெயிண்ட் பளபளக்கும். யார்தான் மயங்கமாட்டார்கள்?

கடற்காற்றில் உப்பு இருக்கிறது. மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். மேலே ஒன்றும் தெரியாது.

ஒரு சாக்கை விரித்து வண்டிக்குக் கீழே படுங்கள். டார்ச் அடித்து, சேஸிஸை ஸ்குரூ டிரைவர் முனையால் குத்துங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த வண்டியே வேண்டாம். புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால், ஏன் பூசினார்கள் என்று கேளுங்கள். எஞ்சின் கெட்டால் புதுப்பேட்டையில் உதிரி பாகம் கிடைக்கும். சேஸிஸ் போனால் வண்டியே போயிற்று!

கிளட்ச் வழுக்குகிறதா?

இழுவை வேலை செய்த வண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேயும். ஹாண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்தால் நல்லது. அணையாமல் ஓடினால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது. அதை விலையில் கழித்துக் கேளுங்கள். கொக்கி மாட்டும் இடத்தில் விரிசலோ, வெல்டிங்கோ இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

யார் பெயரில் வண்டி?

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பைனான்ஸ் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்குப் படிவம் 35 வேண்டும். 8 வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

பெயர் மாற்றப் படிவம் 29, 30. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள் சிலர். விற்ற பிறகும் ஆர்.சி.யில் பெயர் மாறாவிட்டால், விபத்து நஷ்ட ஈடு பழைய சொந்தக்காரர் தலையில்தான் விழும் என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. விவரம் தெரிந்த சொந்தக்காரராக இருந்தால், கையெழுத்துப் போட அவரே அவசரப்படுவார்!