நான்கு அங்குல ஆமையும் நம் ஊர்ச் சட்டமும்

திருச்சி விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டை சாலையில். 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து அங்கே வந்திறங்கிய ஒரு பயணியின் பெட்டியைச் சுங்கத் துறையினர் திறந்தார்கள். உள்ளே 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். மலேசியாவிலிருந்து வந்த ஆமைக் குஞ்சுகளும் அதே நிலையத்தில் ஆயிரக்கணக்கில் பிடிபட்டிருக்கின்றன. கடத்தல் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துபோகிறோம். இவை வீட்டுக்குள் வந்தால் குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அபூர்வமாகத்தான் எழுகிறது.

பிடிபட்ட ஆமைகள் செங்காது ஆமைகள். அமெரிக்காவின் மிசிசிப்பி நதிப் பகுதியைச் சேர்ந்தவை. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கீற்று. மீன் தொட்டி விற்கும் கடைகளில் குஞ்சாக இருக்கும்போது பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பிள்ளை அடம்பிடித்ததற்காக வாங்குவோரும் உண்டு, வாஸ்துவுக்காக வாங்குவோரும் உண்டு.

இவற்றின் குடலில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாக வாழும். ஆமைக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நன்றாகத் தின்னும், நீந்தும். கழிவோடு கிருமி தொட்டித் தண்ணீரில் கலந்து ஓட்டிலும் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்களுக்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு போய்விடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, அதிலும் கைக்குழந்தைக்கு, ரத்தத்திலும் மூளை உறையிலும் பரவக்கூடியது. குழந்தை ஆமையைத் தொட்டே ஆக வேண்டும் என்பதில்லை. தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவினாலே போதும்.

அமெரிக்கா இதை அனுபவித்துத்தான் கற்றது. 1970களின் தொடக்கத்தில் அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் சால்மோனெல்லா தொற்றுகளுக்குச் சிறு ஆமைகளே காரணம் என்று மதிப்பிட்டார்கள். அரசு முதலில் விற்பனையை நிறுத்தவில்லை. கிருமி இல்லை என்று சான்று பெற்ற ஆமைகளை மட்டும் விற்கலாம் என்று 1972இல் சொல்லிப் பார்த்தது. அது எடுபடவில்லை. ஆமை எல்லா நாளும் கிருமியை வெளியேற்றுவதில்லை. இன்று சோதித்தால் ‘இல்லை’ என்று வரும். பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பிய களைப்பில் நாளை வெளியேற்றும். சான்றோடு வந்த ஆமைகளிலேயே கிருமி அகப்பட்டது. கடைசியில் 1975இல், ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை வீட்டு வளர்ப்புக்கு விற்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். ஏன் 4 அங்குலம்? அதைவிடச் சிறியதைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும், அவ்வளவுதான் கணக்கு. தடையால் குழந்தைகளிடையே ஆண்டுக்கு ஒரு லட்சம் தொற்றுகள் தவிர்ந்ததாக மதிப்பீடு. ஏற்றுமதிக்கு மட்டும் தடை இல்லை. லூசியானா பண்ணைகளின் குஞ்சுகள் ஆசியாவுக்குப் போய்க்கொண்டே இருந்தன. தன் பிள்ளைக்கு ஆகாதது ஊரான் பிள்ளைக்கு ஆகும் போலும்! தடையை மீறிய விற்பனையும் ஓயவில்லை. 2007இல் புளோரிடாவில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசு இறந்தபோது, வீட்டில் வளர்த்த ஆமையிடமும் அதே கிருமி இருந்தது.

இனி நம் நாட்டுச் சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் மண்ணின் உயிரினங்களைக் காக்கிறது. கண்மாயில் அகப்படும் பால் ஆமையும், பொட்டல் காட்டு நட்சத்திர ஆமையும் இப்போது முதல் அட்டவணையில் உள்ளன. பிடித்து வளர்த்தால் குறைந்தது மூன்றாண்டு சிறை. வெளிநாட்டு மலைப்பாம்பு, இகுவானா போன்றவற்றை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. ஆனால் அது பன்னாட்டு வணிக ஒப்பந்தமான ‘சைட்டிஸ்’ பட்டியலில் உள்ள இனங்களுக்கு மட்டுமே. செங்காது ஆமை அதில் இல்லை. 2018இல் வந்த வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளோ நாய், பூனை, முயல், கினிப்பன்றி, கூண்டுப் பறவை என்று பட்டியல் போடுகின்றன, ஊர்வனவற்றைக் காணோம். முறைப்படி இறக்குமதியாகும் விலங்குக்குச் சென்னை போன்ற இடங்களில் தனிமைப்படுத்தும் நிலையம் உண்டு. துணிப்பையில் சுருட்டி வருவது எந்த நிலையத்துக்குப் போகும்?

ஆக, அழியும் இனமா, கடத்தல் பொருளா என்று நம் சட்டங்கள் பார்க்கின்றன. நோய் பரப்புமா என்று கடை வாசலில் நின்று பார்க்க ஆளில்லை. சிறு ஆமை விற்பனையைத் தடுக்க நான்கு அங்குலம் போன்ற எளிய விதி போதும். ஆய்வகம் வேண்டாம், அளவுகோல் இருந்தால் சரி.

வளர்ந்ததும் ஆமையைக் கொண்டுபோய்க் குளத்திலோ ஊருணியிலோ விடுவது இன்னொரு வினை. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களுள் ஒன்று செங்காது ஆமை. நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும். விட நினைப்பவர்கள் முதலில் வனத்துறையிடம் கேட்க வேண்டும். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் தொட்டியைச் சமையலறைக்கு வெளியே கழுவுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் ஆமை இருப்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.