தோலில் மட்டும் இல்லை நோய்

சொரியாசிஸ் தொற்றாது. ஆனாலும் என் கையில் செதில் உதிர்வதைக் கண்டவர்கள் நான் கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தடம்புரள்வதால் வரும் நோய் இது. பூசுமருந்தும் குளிசையும் பலிக்காதபோது உயிரியல் மருந்து ஊசி உதவும். எனக்கு ஏற்றப்படுவது உஸ்டெகினுமாப். முதலிரு ஊசிகளின் பின் 12 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். ஊசி நோயை அடியோடு மாற்றாது, அடக்கி வைக்கும். தோல் தெளிந்ததென்று நாமாக நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம்.

கடி, வெட்கம், உடை, வீட்டுவேலை, தாம்பத்தியம் பற்றி நோயாளரிடம் கேட்க 1994இல் 10 வினாக்கள் வகுக்கப்பட்டன. மருந்தின் பலனை அவற்றாலும் அளக்கிறார்கள். சகோதரிகளே, வைத்தியரிடம் தோலைக் காட்டுவதோடு நில்லாமல், போகாமல் விட்ட கல்யாண வீடுகளையும் சொல்லுங்கள்.