அறுவடைப் பணமும் ஆண்டுச் செலவும்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. கணக்குப் பாராது விடுவதற்கு இதனையே ஆறுதலாகக் கொள்வாரும் உளர். ஆயின், உழக்கும் மிஞ்சாதது ஏன் என்பதை அறிவதற்கும் கணக்கே வேண்டும்.

இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு முதலிய குளங்களின் கீழும், மானாவாரியாகவும் நெல் செய்யும் வன்னிக் கமக்காரருக்குப் பணம் மாதந்தோறும் வருவதன்று. காலபோக அறுவடையின் பின் மாசி, பங்குனியில் ஒருமுறையும், நீர் கிடைத்தாற் சிறுபோகத்தின் பின் மற்றொரு முறையும் மொத்தமாக வரும். செலவோ நாள்தோறும் உண்டு. பங்குனியில் இருந்த பணம் ஆனியிற் கரைந்துவிடின், புரட்டாதியில் உழவுக்கும் உரத்துக்கும் நகையை அடைவு வைக்கவோ, வட்டிக்கு வாங்கவோ நேரும். நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டியில் 50,000 ரூபா பெற்று, ஐந்து மாதத்தின் பின் திருப்பினால், வட்டி மாத்திரம் 12,500 ரூபா. இது விளைச்சலுக்கு முன்னரே விற்றுவிட்ட நெல்லாகும்.

2009இன் பின் மீளக் குடியேறிய குடும்பங்கள் பல நுண்கடனில் அகப்பட்டு வருந்தின. வறட்சியுற்ற மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அவ்வாண்டு மார்கழியிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்களை வெள்ளம் மூடிற்று. இத்தகைய நிலத்திற் பயிர் செய்வோர்க்குச் சேமிப்பும் ஓர் அணைக்கட்டாகும். அதற்குரிய எளிய வழிகள் வருமாறு:

1. நெல்லை முதலிற் பிரித்தல். ஐவர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ அரிசி உண்ணுமாயின், ஆண்டுக்கு ஏறத்தாழ 40 புசல் நெல் தேவை. இதனையும் விதைநெல்லையும் ஒதுக்கிய பின்னரே மிகுதியை விற்றல் வேண்டும். களத்தில் மலிவாக விற்று, பின்னர் கடையில் அரிசி வாங்குதல் இருமடங்கு நட்டமாகும். ஒதுக்கிய நெல்லை நன்கு காயவைத்து, மூட்டைகளை நிலத்திற் படாது பலகை மேல் அடுக்குக.

2. பணத்தை நான்கு கூறாக்கல். முதற் கூறு கடனுக்கு. அதிலும் வட்டி கூடிய கடனை முதலில் தீர்க்க. இரண்டாவது அடுத்த போகத்துக்கு. மூன்றாவது வீட்டுச் செலவுக்கு. அடுத்த அறுவடை வரையுள்ள மாதங்களாக அதனை வகுத்து, மாதத்துக்கு ஒரு பங்கே எடுக்க. நான்காவது நோய், வெள்ளம், வறட்சி ஆகியவற்றுக்கு.

3. தோட்ட வருவாய். கத்தரி, வெண்டி, பயற்றை முதலியன வாரந்தோறும் காசு தருவன. உப்பு, எண்ணெய், பள்ளிச் செலவு ஆகியவற்றை இதிலிருந்தே நடத்தினால் நெற்பணம் குறையாது. சந்தையாலும் முட்டையாலும் வரும் காசில் நாளுக்கு 50 ரூபா ஒதுக்கின், ஆண்டிறுதியில் 18,250 ரூபா சேரும்.

4. கணக்குக் கொப்பி. ஒருபக்கம் வரவு, மறுபக்கம் செலவு. உழவு, விதை, உரம், மருந்து, கூலி என ஒவ்வொரு வயலுக்கும் வேறாக எழுதுக. வீட்டாரின் உழைப்பையும் கூலியாகக் குறிக்க. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இதற்கு உதவலாம். போகம் முடிந்ததும் ஒரு புசல் நெல்லுக்குச் சென்ற செலவை இதனால் அறியலாம்.

5. வீண்செலவைத் தவிர்த்தல். வைக்கோலை எரியாது வயலிற் பரப்பினால் சாம்பற்சத்து நிலத்துக்கே திரும்பும், உரச்செலவு குறையும். பூச்சியைக் காணாமுன் மருந்து தெளித்தல் காசைத் தெளிப்பதேயாம்.

சேமித்த பணத்தை வீட்டில் வைத்தலாகாது. கையிலுள்ள காசு கைம்மாற்றாகப் போய்விடும். தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கை அஞ்சலகத்திலும் தொடங்கலாம். கிராமக் கூட்டுறவுச் சிக்கன கடனுதவுச் சங்கமும் ஏற்றது. சீட்டுப் பிடிப்போர், நன்கு அறிந்தவரிடத்து மாத்திரமே சேர்க.

கமக்காரரே! வாய்க்காலில் உடைப்பு எங்கே என்று தேடி அடைக்கும் நீங்கள், பணம் ஒழுகும் இடத்தையும் தேடுங்கள். இந்த அறுவடையிலேயே ஒரு கொப்பி வாங்கி முதல் வரியை எழுதுங்கள்.